தரையே முதல் மத்ரஸா

 

கல்யாண வீட்டுக்கோ கத்தம் வீட்டுக்கோ கைப்பிள்ளையோடு போகும் இளம் தாயிடம் கேட்கப்படும் கேள்விகளை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். "புள்ள இன்னும் இருக்கல்லயா?" "எங்கட மகள்ட புள்ள பத்து மாசத்துல நடந்திச்சே!" "ஒண்டும் பேசுறல்லயே, நாக்கக் காட்டினீங்களா?" கேட்டவர் கேட்டுவிட்டுச் சஹனில் உட்காரப் போய்விடுவார். கேட்கப்பட்ட தாய்க்கோ அன்றைய சாப்பாடும் இறங்காது, இரவு உறக்கமும் வராது. மாமியின் முகத்தையும் கணவரின் முகத்தையும் பார்த்துப் பார்த்து, தன்னிடம்தான் ஏதோ குறை என்று எண்ணத் தொடங்கிவிடுகிறாள்.

கண்டி நகரிலும் அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை போன்ற ஊர்களிலும் இந்தக் கேள்விகளால் இரண்டு விதமான தீங்குகள் நடக்கின்றன. சில வீடுகளில் பிள்ளையை அவசரப்படுத்துகிறார்கள். இருக்க முடியாத பிள்ளையைத் தலையணை அடுக்கி இருத்துகிறார்கள், நிற்க முடியாத பிள்ளையைச் சில்லு வைத்த வோக்கரில் போடுகிறார்கள், மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணிக்கிறார்கள். வேறு சில வீடுகளிலோ பிள்ளைக்கு உண்மையாகவே ஒரு குறை இருந்தும், ஊர் பேசுமே என்று பயந்து அதை மூடி மறைக்கிறார்கள். முதலாவது பிள்ளையின் காலை வாங்குகிறது. இரண்டாவது அதன் காலத்தை வாங்குகிறது. பிறந்தது முதல் ஐந்து வயது வரை பிள்ளையின் புலன்களும் கை கால்களும் விளையாட்டும் எந்த ஒழுங்கில் வளர்கின்றன என்பதைத் தாய்மார் தெரிந்து வைத்திருந்தால் இந்த இரண்டு தீங்குகளிலிருந்தும் தப்பலாம். ஆகவே இம்மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

படிப்படியாகப் படைத்தவன்

மனிதனை அல்லாஹ் பல படித்தரங்களில் படைத்திருப்பதாக சூரா நூஹ் நமக்கு நினைவூட்டுகிறது. ஒன்றுமே அறியாத நிலையில் தாயின் வயிற்றிலிருந்து வெளியே வந்த மனிதனுக்குச் செவியையும் பார்வையையும் உள்ளத்தையும் தந்ததை சூரா நஹ்லின் 78ஆம் வசனம் எடுத்துக் கூறுகிறது. அங்கே செவி முதலில் சொல்லப்பட்டிருக்கிறது. பிறந்த பிள்ளையைக் கவனித்தாலும் காது வேலை செய்து பழகியிருப்பதையும் கண் பின்தங்கியிருப்பதையும் காணலாம். கர்ப்பத்தின் ஆறாம் மாதத்திலேயே பிள்ளைக்குக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. உம்மாவின் குரலை அது உலகத்துக்கு வருமுன்பே பழகிவிடுகிறது. புதிதாய்ப் பிறந்த பிள்ளை அழும்போது வேறு யாருடைய குரலுக்கும் அடங்காமல் தாயின் குரலுக்கு அடங்குவது இதனால்தான்.

கண் அப்படியல்ல. பிறந்த பிள்ளைக்கு ஏறத்தாழ 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் உள்ளதே ஓரளவு தெளிவாகத் தெரியும். அது எவ்வளவு தூரம் தெரியுமா? பால் கொடுக்கும்போது பிள்ளையின் கண்ணுக்கும் தாயின் முகத்துக்கும் இடையில் உள்ள தூரம்! சுப்ஹானல்லாஹ். அந்தப் பிள்ளை முதலில் படிக்க வேண்டிய கிதாபு தாயின் முகம். பால் கொடுக்கும் நேரத்தில் ஃபோனைப் பார்க்கும் தாய்மார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். உறக்கத்தில் தானாக வரும் சிரிப்பு வேறு, உங்களைக் கண்டு சிரிக்கும் இந்தச் சிரிப்பு வேறு. மூன்று, நான்கு மாதத்தில் கழுத்து நிற்கும். தன் கையைத் தானே உயர்த்திப் பார்த்து அதிசயப்படும். இந்தக் கட்டத்தில் பிள்ளைக்கு விலை உயர்ந்த விளையாட்டுச் சாமான் ஒன்றும் தேவையில்லை. உங்கள் முகம், உங்கள் குரல், தொட்டிலின் ஆட்டம், குளிப்பாட்டி எண்ணெய் தேய்க்கும் கை, இவையே போதும். தொட்டிலில் ஆடுவதும் தோளில் சாய்வதும் உடம்பின் சமநிலையை உணரும் புலனுக்குப் பயிற்சி. எண்ணெய் தேய்க்கும் கை தொடு புலனுக்குப் பயிற்சி. உம்மும்மாமார் காலங்காலமாகச் செய்து வந்தது வீண் வேலையல்ல.

ஆனால் பழக்கத்தில் உள்ள இரண்டு விடயங்களை விட்டுவிட வேண்டும். ஒன்று, பிள்ளையின் காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது. மற்றது, கண்ணுக்குச் சுருமா இடுவது. விற்பனையாகும் சுருமாக்களில் ஈயம் கலந்தவை பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. ஈயம் சிறு பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடிய நஞ்சு. அழகுக்காக ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

தலையிலிருந்து காலுக்கு

உடலின் பலம் பிள்ளைக்குத் தலையிலிருந்து கீழ்நோக்கி இறங்குகிறது. முதலில் கழுத்து நிற்கும், பிறகு தோள், பிறகு முதுகு, இடுப்பு, கடைசியில் கால். அதேபோல் நடுவிலிருந்து வெளிநோக்கியும் போகிறது. முதலில் முழுக் கையையும் வீசும், பிறகு உள்ளங்கையால் அள்ளும், கடைசியில்தான் இரண்டு விரலால் எடுக்கும். இந்த ஒழுங்கை யாரும் மாற்ற முடியாது. காலம் மட்டும் பிள்ளைக்குப் பிள்ளை முந்தும், பிந்தும்.

எவ்வளவு முந்தலாம், எவ்வளவு பிந்தலாம்? உலக சுகாதார நிறுவனம் இதை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்டது. கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 சுகமான பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். பிடிமானமில்லாமல் இருப்பது சில பிள்ளைகளில் 4 மாதத்திலேயே வந்தது. சில பிள்ளைகளில் 9 மாதம் கடந்த பின்னரே வந்தது. கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5 மாதம் முதல் 13½ மாதம் வரை நீண்டது. தனியே நடப்பது 8 மாதத்தில் தொடங்கியவர்களும் உண்டு, 17½ மாதத்தில் தொடங்கியவர்களும் உண்டு. இவர்கள் அத்தனை பேரும் சுகமான பிள்ளைகள்! நூற்றில் நான்கு பிள்ளைகள் கை முழங்கால் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிட்டன.

சகோதரிகளே, இந்தக் கணக்கை மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை 10 மாதத்தில் நடந்தால் அது கெட்டிக்காரப் பிள்ளை என்றோ, இன்னொன்று 15 மாதத்தில் நடந்தால் அது மந்தமான பிள்ளை என்றோ அர்த்தமில்லை. மருமகளிடம் குத்திக் கேட்கும் மாமிமாரும் இதைக் கொஞ்சம் வாசித்தால் நல்லது. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கு, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறக்க வேண்டியிருந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளை எட்டு மாதத்தில் ஆறு மாதப் பிள்ளையின் வேலையைச் செய்தால் அது சரியாகத்தான் வளர்கிறது.

இதற்குப் பிள்ளைக்கு வேண்டியது தரை. நமது பகுதி குளிர் என்பதால் பிள்ளையைத் துணியால் சுற்றிக் கையிலும் கட்டிலிலும் வைத்தே வளர்க்கிறோம். மார்கழி, தை மாதக் குளிரில் அது புரியக்கூடியதுதான். என்றாலும், ஒரு பாயை விரித்து, மேலே தடித்த விரிப்பொன்றைப் போட்டு, விழித்திருக்கும் நேரங்களில் பிள்ளையை வயிற்றில் கிடத்துங்கள். ஊர்ந்து திரியத் தொடங்காத பிள்ளையை நாளொன்றுக்குப் பல தடவைகளாக, மொத்தம் அரை மணித்தியாலமாவது இப்படி விடும்படி உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. ஆரம்பத்தில் பிள்ளை சிணுங்கும். நீங்களும் அதன் முன்னால் குப்புறப் படுத்து முகத்தைக் காட்டுங்கள், தலையைத் தூக்கும். உறங்க வைக்கும்போது மட்டும் நிமிர்த்தியே கிடத்த வேண்டும். உறக்கம் முதுகில், விளையாட்டு வயிற்றில் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கவும் நடக்கவும் பழகும்போது வீட்டுக்குள் சப்பாத்தும் காலுறையும் வேண்டாம். மாபிள் தரையில் காலுறை வழுக்கும். வெறுங்கால் தரையை உணர்ந்தால்தான் விரல்கள் பிடித்து நிற்கப் பழகும்.

வோக்கர் வேண்டாம்

வெளிநாட்டிலிருந்து வரும் வாப்பாமாரும் மாமாமாரும் அன்போடு கொண்டுவரும் சாமான்களில் ஒன்று சில்லு வைத்த வோக்கர். பிள்ளையை அதற்குள் இருத்திவிட்டால் உம்மாவுக்குக் குசினி வேலையைப் பார்க்கலாம் என்ற நிம்மதி. ஆனால் வோக்கரில் கிடந்த பிள்ளை முந்தி நடப்பதில்லை. கால் விரல் நுனியால் உந்திப் பழகுவதாலும், தன் காலைத் தானே பார்க்க முடியாததாலும் பிந்தத்தான் கூடும். அதைவிடப் பெரிய ஆபத்து படிகள். கண்டியைச் சுற்றியுள்ள நமது வீடுகள் பெரும்பாலும் சரிவில் கட்டியவை. முன்வாசலில் ரோட்டுக்கு இறங்கும் படி, பின்னால் குசினிக்கு இறங்கும் படி. வோக்கரோடு ஒரு பிள்ளை படியில் உருண்டால் தலைதான் அடிபடும். நீங்கள் எழுந்து ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கனடா 2004ஆம் ஆண்டிலேயே இதை விற்பதையும் இறக்குமதி செய்வதையும் தடை செய்துவிட்டது.

நடக்கும் காலத்துக்கு முன் பிள்ளையை நடக்க வைக்கக் கூடாது என்பது நமது இமாம்கள் சொன்ன விடயமும்தான். ஹிஜ்ரி 751இல், அதாவது 1350இல் வபாத்தான இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் பிறந்த பிள்ளைகளின் சட்டங்கள் பற்றி எழுதிய துஹ்ஃபதுல் மவ்தூத் என்ற நூலில் இதை எச்சரித்திருக்கிறார்கள். பலமில்லாத கால்கள் வளைந்துவிடும் என்பது அவர்கள் கூறிய காரணம். இன்றைய மருத்துவர்கள் வேறு காரணங்களைச் சொல்கிறார்கள். அவசரப்படுத்தாதே என்ற புத்திமதி ஒன்றுதான்.

கைப்பிடியைப் பிடித்துப் பின்னாலிருந்து தள்ளிப் போகும் பழைய மர நடைவண்டி வேறு. அதில் பிள்ளை தன் காலில் தான் நிற்கிறது. சமதரையில், ஒருவர் பக்கத்தில் இருந்தால் அதில் பிழையில்லை.

வாயும் விரலும்

நான்கு, ஐந்து மாதத்தில் பிள்ளை சாமான்களை எட்டிப் பிடிக்கும். பிடித்ததை எல்லாம் வாய்க்குக் கொண்டு போகும். "சீ, ஊத்தை!" என்று பறிக்கிறோம். உண்மையில் அந்த வயதில் வாய்தான் பிள்ளையின் நுட்பமான கை. மெதுமையா கடினமா, சூடா குளிரா, உருண்டையா தட்டையா என்பதை அது வாயால் கற்கிறது. ஆகவே வாயைத் தடுக்க வேண்டாம், வாய்க்குப் போகும் சாமானைத் தெரிந்து கொடுங்கள். கழுவிய மர அகப்பை, சுத்தமான துணி முடிச்சு, சொண்டில் குத்தாத பெரிய மூடி போதும்.

ஆறு மாதமளவில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும். எட்டு, ஒன்பது மாதத்தில் சாமானை வேண்டுமென்றே கீழே போட்டு எட்டிப் பார்க்கும். நீங்கள் எடுத்துக் கொடுக்க, மறுபடியும் போடும். குறும்பல்ல, அது ஒரு பரிசோதனை. கண்ணுக்குத் தெரியாத பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்பதைப் பிள்ளை அப்போதுதான் விளங்கிக்கொள்கிறது. முந்தானையால் முகத்தை மறைத்து "கூ..." என்று திறந்து காட்டும் விளையாட்டில் பிள்ளை விழுந்து விழுந்து சிரிப்பதும், நீங்கள் அறையை விட்டு வெளியே போனதும் அழுவதும் இந்த ஒரே அறிவின் இரண்டு பக்கங்கள். ஆசிரியர் கலாசாலையில் படித்தவர்கள் சுவிற்சர்லாந்து அறிஞர் பியாஜேயின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். முதல் இரண்டு வயதில் பிள்ளை சிந்திப்பது கண்ணாலும் காதாலும் கையாலும் காலாலும்தான் என்று தன் சொந்தப் பிள்ளைகளைக் கவனித்து அவர் எழுதினார்.

ஒரு வயதை அண்மிக்கும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து சிறு பொருளை எடுக்கப் பழகும். இங்கேதான் நீங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். முற்றத்தில் பாய் விரித்துக் காயவைத்த கராம்பும் மிளகும், பொத்தான், கச்சான் கொட்டை, விளையாட்டுச் சாமானின் சிறிய பட்டன் பற்றரி எல்லாம் அந்த விரல்களுக்கு எட்டும். குன்றிமணியின் உள்ளே கொடிய நஞ்சு உண்டு. மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். மேசை விளிம்பில் சுடு தேத்தண்ணீர்க் கோப்பை இருக்கக் கூடாது. தண்ணீர் நிறைந்த வாளி கூட ஒரு பிள்ளையை மூழ்கடிக்கும். தரையில் நீங்கள் ஒரு தடவை தவழ்ந்து பார்த்தால் பிள்ளையின் கண்ணுக்கும் கைக்கும் எவை எட்டும் என்று தெரிந்துவிடும்.

விளையாட்டே வேலை

ஒரு வயதுப் பிள்ளை பால்மா டின்னில் கரண்டியால் தட்டும். மூடியைத் திறக்கும், மூடும். ஒன்றரை வயதில் வெறும் கோப்பையை வாயில் வைத்துத் தேத்தண்ணீர் குடிப்பதாகப் பாசாங்கு செய்யும், பொம்மைக்குச் சோறு தீத்தும். வாப்பா தொழும்போது பக்கத்தில் வந்து சுஜூதில் விழும். இரண்டு வயதில் ஓடும், கையைப் பிடித்தால் படி ஏறும். மூன்று வயதில் சிரட்டையில் மண்சோறு ஆக்கி, இலையில் பரிமாறி, "சாப்பிடுங்க உம்மா" என்று உபசரிக்கும். ஒன்றை இன்னொன்றாக நினைக்கும் இந்தச் சக்திதான் நாளை "அ" என்ற கோடு ஓர் ஓசையைக் குறிக்கிறது என்று விளங்கிக்கொள்ள உதவப் போகிறது.

பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து விளையாடுவதிலும் படிகள் உண்டு. மில்ட்ரட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இல் இதை வகைப்படுத்தினார். முதலில் பிள்ளை தனியே விளையாடும். பிறகு மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இரண்டு, மூன்று வயதில் பக்கத்துப் பிள்ளையோடு ஒரே மண்ணில் உட்கார்ந்திருந்தாலும் தன் விளையாட்டைத் தானே விளையாடும். பிறகு கொடுத்து வாங்கும். நான்கு வயதை ஒட்டித்தான், "நீ உம்மா, நான் கடைக்காரர்" என்று பங்கு பிரித்து விளையாடும். ஆகவே இரண்டு வயதுப் பிள்ளை சாச்சியின் மகனுக்கு விளையாட்டுச் சாமானைக் கொடுக்கவில்லை என்பதற்காக அதைக் கஞ்சப் பிள்ளை என்று ஏச வேண்டாம். பங்கிடும் படிக்கு அது இன்னும் ஏறவில்லை.

நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையில் விளையாட்டுக்கு இடமிருந்தது. அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே துணியால் சிறகு வைத்த குதிரையைக் கண்டு, குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் கேட்டதும், சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று ஆயிஷா (ரழி) பதில் சொல்ல நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. அனஸ் (ரழி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைரிடம், அவர் வளர்த்த குருவிக்கு என்ன நடந்தது என்று விசாரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. ஒரு சமூகத்தையே வழிநடத்திய தலைவருக்கு, ஒரு சிறு பிள்ளையின் குருவியைப் பற்றிக் கேட்க நேரம் இருந்தது. நமது வாப்பாமாரில் பலர் கடை பூட்டி வீடு வரும்போது பிள்ளை உறங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமையிலாவது, சுபஹுக்குப் பின் அரை மணி நேரமாவது அவர்கள் தரையில் உட்கார்ந்து பிள்ளையோடு விளையாடும்படி நீங்கள் சொல்லுங்கள்.

பென்சிலுக்கு அவசரம் ஏன்?

இருபது வருடமாக மத்ரஸாவில் அலிஃப், பே சொல்லிக் கொடுப்பவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்து வேலை கொடுக்காத நேர்சரி நல்ல நேர்சரி அல்ல என்ற எண்ணம் நம் தாய்மாரிடம் வேரூன்றியிருக்கிறது. கொப்பியில் பக்கம் நிறையாவிட்டால் ஆசிரியையோடு சண்டைக்குப் போகிறார்கள்.

மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. பிள்ளை பிறக்கும்போது அவை எலும்பாகவே இல்லை, மெல்லிய குருத்தாக இருக்கின்றன. வருடா வருடம் ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு இறுகத் தொடங்க எட்டு வயதும் அதற்கு மேலும் ஆகிறது. பிள்ளை கோடு வரைவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒன்றரை வயதில் கிறுக்கும். இரண்டு வயதைக் கடந்து நேர்கோடு, மூன்றில் வட்டம், நான்கில் கூட்டல் அடையாளம், ஐந்தை நெருங்கிச் சதுரம், அதன் பிறகே முக்கோணம். அலிஃப் ஒரு நேர்கோடு. அதனால் அது முதலில் வருகிறது. பேயின் வளைவும் புள்ளியும் அதன் பிறகு. ஐனுக்கும் ஹேக்கும் கை இரண்டு முறை திரும்ப வேண்டும். தமிழிலும் ட, ப, ம ஆகியவை வரும் கைக்கு அ, இ வர நாளாகும். சரிந்த கோட்டைக்கூட வரைய முடியாத பிள்ளையை அடித்து எழுத வைத்தால் அது எழுத்தைக் கற்காது, எழுத்தை வெறுக்கக் கற்கும்.

அப்படியானால் கையை எப்படித் தயார் செய்வது? ரொட்டி மாவில் ஒரு துண்டைக் கொடுத்து உருட்ட விடுங்கள். கடலையையும் பயறையும் கலந்து கொடுத்து, பக்கத்தில் இருந்துகொண்டு, நான்கு வயதுப் பிள்ளையைப் பிரிக்கச் சொல்லுங்கள். சட்டைப் பொத்தானைத் தானே பூட்டட்டும். சிறிய கிண்ணத்தால் தண்ணீர் ஊற்றட்டும். சுளகில் பரப்பிய மாவில் விரலால் கோடு இழுக்கட்டும். நம் நாட்டில் பலரும் நேர்சரியை மொண்டிசோரி என்றே சொல்கிறோம். அந்தப் பெயருக்குரிய மரியா மொண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர், 1944இல் இலங்கைக்கும் வந்தவர். அவர் கற்பித்த முறையில் பிள்ளை முதலில் செய்வது ஊற்றுவதும் துடைப்பதும் பொத்தான் பூட்டுவதும் போன்ற வீட்டு வேலைகள்தான். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கொப்பியை நிரப்புவது அவர் வழியல்ல.

நமது நாட்டில் ஜனவரி 31ஆம் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியான பிள்ளையே முதலாம் வகுப்பில் சேர்கிறது. தொழுகையை ஏவும் வயதாக நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டது ஏழு. 1111இல் வபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், ஓதிவிட்டு வரும் பிள்ளையை விளையாட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிப்பைச் சுமத்தினால் பிள்ளையின் உள்ளம் செத்துவிடும், புத்தி மழுங்கிவிடும் என்ற கருத்தை எழுதியிருக்கிறார்கள். ஓதும் பிள்ளைக்கே இப்படியென்றால் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாம் என்ன அவசரப்படுகிறோம்?

எழுத்துக்கு அவசரம் வேண்டாம் என்றேனே தவிர, காதுக்கும் நாவுக்கும் ஓய்வு கொடுக்கச் சொல்லவில்லை. கதை சொல்லுங்கள், பிஸ்மி சொல்லிக் கொடுங்கள், சமைக்கும்போது சாமான்களின் பெயரைச் சொல்லுங்கள். வீட்டில் தமிழும் ரோட்டில் சிங்களமும் கேட்டு வளர்வதால் பிள்ளைக்குப் பேச்சு பிந்தும் என்பதும் தவறு. இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணினால் அதன் சொற்கள் சரியாகவே இருக்கும்.

ஃபோன் ஒன்றைக் கொடுத்தால்தான் சாப்பிடுகிறது என்று கூறும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. முதல் இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம், அதன் பின் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. திரை பிள்ளையோடு பேசும். பிள்ளை பேசினால் திரைக்குக் கேட்காது.

மறைக்க வேண்டாம்

இனி மிக முக்கியமான விடயம். ஒவ்வொரு பிள்ளையும் தன் நேரத்தில் வளரும் என்று சொன்னதை, எதையும் கவனிக்க வேண்டாம் என்று யாரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. அந்தக் கால எல்லைகளுக்கும் முடிவு உண்டு. கீழ்வரும் அடையாளங்களில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம்.

மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காதது. ஐந்து மாதமாகியும் கழுத்து நில்லாதது. ஒன்பது மாதமாகியும் இருக்காதது. பத்து மாதமாகியும் "பப்பா, தத்தா" என்று மழலை வராதது. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவிப்பது, மற்றக் கையை மடக்கியே வைத்திருப்பது. ஒன்றரை வயதாகியும் நடக்காதது, ஒரு சொல்லும் பேசாதது, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாதது. இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாதது. ஆறு மாதத்தின் பின்னும் கண் மாறிப் பார்ப்பது. கண்மணியில் வெள்ளை ஒளி தெரிவது. இதற்கு ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. எந்த வயதிலும், பழகிய ஒன்றைப் பிள்ளை மறந்துவிடுவது.

இவற்றுள் காதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேட்காத பிள்ளையும் முதல் சில மாதங்களில் மற்றப் பிள்ளைகளைப் போலவே சத்தமிடும். கதவு அடித்தால் அதிர்வை உணர்ந்து திரும்பும். அதனால் வீட்டார் ஏமாந்துவிடுகிறார்கள். பேச்சு வராதபோது, "வாப்பாவும் நாலு வயசுலதான் பேசின" என்று ஆறுதல் சொல்கிறார்கள். அல்லது ஓதிப் பார்த்து, நூல் கட்டி நாட்களைக் கடத்துகிறார்கள். மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் சிறந்த காலம் அந்த முதல் வருடங்கள்தான். அந்தக் காலத்தில் கேட்கும் கருவியோ சைகை மொழியோ கிடைத்த பிள்ளைக்கும், ஐந்து வயதில் கிடைத்த பிள்ளைக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை வாழ்நாள் முழுவதும் ஈடுசெய்வது கடினம். பிறந்ததும் கடுமையான செங்கமாரி வந்த பிள்ளை, மூளைக் காய்ச்சல் வந்த பிள்ளை, சொந்தத்துக்குள் கல்யாணம் முடித்து உறவில் காது கேளாதவர் இருக்கும் குடும்பத்துப் பிள்ளை, இவர்களின் காதைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். துஆவும் கேளுங்கள், வைத்தியரிடமும் போங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நமது மார்க்கம்.

இதற்கு நீங்கள் தொலைவில் அலைய வேண்டியதில்லை. மிட்வைஃப் என்று நாம் அழைக்கும் குடும்பநல மருத்துவ மாது வீடு தேடி வருகிறார். களுத்துறையில் 1926இல் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல் நமது நாடு கட்டி வளர்த்த ஏற்பாடு அது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தரப்படும் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் நிறையும் ஊசியும் மட்டுமல்ல, வளர்ச்சிப் படிகளும் இருக்கின்றன. அலுமாரியில் பத்திரமாக வைக்கும் அந்தக் கொப்பியை எடுத்து வாசியுங்கள். 2, 4, 6, 9, 12, 18 மாதங்களில் ஊசிக்குப் போகும்போதெல்லாம் பிள்ளை என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று கேளுங்கள். சந்தேகமிருந்தால் சுகாதார வைத்திய அதிகாரியின் கிளினிக்குக்கும், அங்கிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலைக்கோ போகலாம். இவை அரசாங்க வைத்தியசாலைகள், கட்டணமில்லை. குறை இல்லை என்று தெரிந்தால் அல்ஹம்துலில்லாஹ், நிம்மதியாக உறங்கலாம். குறை இருந்தால் பயிற்சியை முந்தித் தொடங்கலாம்.

குறையோடு பிறந்த பிள்ளை தாயின் பாவத்துக்குத் தண்டனை என்று பேசுபவர்களின் பேச்சை ஒருபோதும் காதில் வாங்காதீர்கள். நபி (ஸல்) அவர்களின் முஅத்தின்களில் ஒருவரான இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள் கண் பார்வையற்றவர். நபியவர்கள் மதீனாவை விட்டு வெளியே போனபோது அவரைத் தமது இடத்தில் விட்டுச் சென்றதும் உண்டு.

அடுத்த முறை ஒரு கல்யாண வீட்டில் கைப்பிள்ளையோடு ஓர் இளம் தாயைக் கண்டால், "புள்ள நடக்குதா?" என்று கேட்காதீர்கள். பிள்ளையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொண்டு, "நீங்க ஆறுதலாச் சாப்பிடுங்க மகள்" என்று சொல்லுங்கள். உங்களிடம் அவள் மனந்திறந்து ஏதாவது கவலையைச் சொன்னால், மறைக்கச் சொல்லாமல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

நமது பிள்ளைகளை அல்லாஹ் கண்குளிர்ச்சியாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.